நோயில்லாத வீடுகள்

மடத்துத் தெருவின் ஏழாவது வீட்டு வாசலில் நின்று அம்சா இரண்டாம் முறையாகக் குரல் கொடுத்தாள். உள்ளே அம்மி அரைபடும் சத்தம் நின்றது. பச்சைச் சாறு வழியும் விரல்களோடு மனோரமா கதவோரம் வந்தாள்.

"சுகாதார ஆபீஸ்லேர்ந்து வரேங்க. வீட்ல யாருக்காச்சும் கண்ணு மஞ்சளா இருக்குதுங்களா?"

"எங்க வூட்டுக்காரருக்குத்தாம்மா. மூணு நாளா சோத்தப் பாத்தாலே குமட்டுதுன்றாரு."

அம்சா அட்டையில் செருகியிருந்த படிவத்தில் பெயர், வயது, நோய் கண்ட தேதி எல்லாம் எழுதினாள். கடைசிக் கட்டம் மட்டும் அச்சில் வந்ததல்ல. அதிகாரி தன் கையால் கோடு போட்டுச் சேர்த்தது: மோர் குடித்தவரா?

"ஜெயம்மாள் மோர் குடிச்சாருங்களா?"

"ஆங், குடிச்சாரு."

'ஆம்' என்று எழுதிவிட்டு அம்சா அடுத்த வாசலுக்கு நடந்தாள்.

எழுபத்தொன்பதாம் வருடம் அது. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வந்து போய் ஒரு மாதத்தில் திருத்தணி மலையடிவாரத்தில் மஞ்சள்காமாலை கண்டது. முதல் வாரம் ஆறு பேர். மூன்றாம் வாரம் முடிய மொத்தம் நாற்பத்து மூன்று. அம்சா ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாகச் சேர்ந்தவள். அம்மையார்குப்பத்தில் அப்பாவின் தறிக்கு நூல்தார் சுற்றிக்கொண்டிருந்தவளுக்குக் காலாற நடக்கும் இந்த வேலை பிடித்திருந்தது. தினமும் காலை பஸ் பிடித்து வந்து, வீடு வீடாக ஏறி இறங்கி, மத்தியானம் மலைப் படிக்கட்டு நிழலில் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாள். ஜெயம்மாள் பழக்கமானது அங்கேதான்.

மலைப்படி தொடங்கும் இடத்தில் இரண்டு பானை, ஒரு சொம்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் - அவ்வளவுதான் ஜெயம்மாளின் கடை. நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தோரு பேர் அவளுடைய மோரைக் குடித்தவர்கள் என்று படிவங்கள் சொல்லின. அதைப் பார்த்த அதிகாரி ஆள் அனுப்பினார். வந்தவர்கள் பானைகளைச் சாய்த்துவிட்டு, இனி இங்கே உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறமும் ஜெயம்மாள் வந்தாள். கவிழ்த்த பானைகளுக்குப் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

"வீட்ல இருக்க முடியல அம்சா. மாடு கறக்குது. மோரை நானே எவ்ளோதான் குடிப்பேன்? தெருவுல எல்லாரும் என்னைப் பாத்துட்டு அந்தாண்ட ஒதுங்கிப் போறாங்க."

"தண்ணி எங்கக்கா புடிக்கிறீங்க?"

"எங்க வூட்டுக் கெணத்துலதான். மின்ன மடத்துத் தெரு கொழாய்க்குப் போவேன். கடைக்காரிங்களுக்கெல்லாம் இங்க தண்ணி கெடையாதுன்னு அந்தத் தெரு பொம்பளைங்க கொடத்தத் தூக்கி வீசிட்டாளுங்க. ரெண்டு வருசமா இடுப்பு ஒடிய வூட்லேர்ந்தேதான் தூக்கிகினு வரேன்."

அம்சா டப்பாவை மூடினாள். அந்த 'ஆம்'களையெல்லாம் எழுதியது அவள் கைதான்.

அன்று சாயங்காலம் சைக்கிள் கடை வாசலில் நூர் முஹம்மது அவளை நிறுத்தினார். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த கையில் ரப்பர் பசை காய்ந்திருந்தது.

"இன்னாம்மா, தெனம் என் கடையைத் தாண்டித் தாண்டிப் போற. என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"உங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லீங்களே."

"அதான் சொல்றேன். அஞ்சு வருசமா தெனம் ரெண்டு சொம்பு அந்தம்மா மோருதான் குடிக்கிறேன். என் கண்ணைப் பாரு." அவர் கீழிமையை இழுத்துக் காட்டினார். "எழுதிக்கோ. நூர் முஹம்மது குடிச்சான், ஒண்ணும் வரலன்னு எழுதிக்கோ."

அம்சா படிவத்தைப் பார்த்தாள். அதை எழுத எந்தக் கட்டமும் இல்லை. நோய் வந்தவர்களுக்கு மட்டும்தான் அதில் இடம் இருந்தது.  பிறகு தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் அவர் பெயரை எழுதினாள்.

மறுநாள் முதல் அவள் நோயில்லாத வீடுகளிலும் ஏறினாள். அது லேசான காரியமாக இல்லை. "நல்லா இருக்கிற வூட்ல வந்து சீக்கு கேக்குறியே, வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று ஒருத்தி கதவைச் சாத்தினாள். அம்சா பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு மறுபடி அதே கதவைத் தட்டினாள். மோர் குடிப்பீர்களா, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று இரண்டே கேள்வி. நான்கு நாளில் நூற்றிருபது பேர் சேர்ந்தார்கள்.

பழைய வீடுகளுக்கும் திரும்பப் போனாள். மனோரமாவின் புருஷன் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்திருந்தான். அவள் அன்றும் கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"மோர் குடிச்சாருன்னு சொன்னீங்களே, எப்பங்க?"

"எப்பன்னா? காமாலை வந்தப்பறம்தான். இதை மோருல கலக்கித்தானே குடுக்கணும்? எங்க வூட்ல ஏது மோரு? அதுக்குத்தான் அவகிட்ட வாங்கியாந்தேன்."

அம்சா பையிலிருந்து பழைய படிவத்தைத் தேடி எடுத்தாள். "அதுக்கு மின்ன?"

"மோருன்னாலே அவருக்கு ஆவாதும்மா."

முப்பத்தோரு பேரில் பதினாலு பேர் அப்படித்தான் இருந்தார்கள். நோய் வந்தபின் மருந்துக்காக வாங்கியவர்கள்.

சனிக்கிழமை அவள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து தாளில் தானே கோடு போட்டு எல்லாவற்றையும் பிரித்தாள். நோய்க்கு முன்னால் மோர் குடித்தவர்கள், நோயாளிகளில் பத்துக்கு நாலு பேர். நோயில்லாதவர்களிலும் பத்துக்கு நாலு பேர். அடுத்த கட்டத்துக்கு வந்தபோது அவள் பென்சிலை வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். மடத்துத் தெரு மூலைக் குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர். நோயில்லாதவர்களில் பத்துக்கு இரண்டே பேர்.

அதிகாரி தாளை முதலில் தொடவே இல்லை. "நல்லா இருக்கிறவங்களை எல்லாம் யாரு கேக்கச் சொன்னது உன்னை?"

"கேக்காம தெரியாதுங்க சார்." அவள் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். "சீக்குக்காரங்க மோர் குடிச்சாங்க, சரிங்க. மத்தவங்களும் அதே அளவுக்குக் குடிச்சிருக்காங்க. அப்பறம் மோரை எப்படிங்க சொல்றது?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு முறை படித்தார். இன்னொரு முறை விரல் வைத்துப் படித்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மடத்துத் தெருவுக்குக் கிளம்பினார்.

மூலைக் குழாய்க்கு வரும் இரும்புக் குழாய், ஒரு லாட்ஜின் பின்பக்கச் சாக்கடைக் கால்வாய்க்குள் முழங்கை நீளத்துக்கு முழுகிக் கிடந்தது. கிருத்திகைக் கூட்டத்துக்கு நிரம்பிய கால்வாய் அது. துருப்பிடித்த இணைப்பில் குச்சியை வைத்ததும் உள்ளே போயிற்று. அன்றே குழாயைப் பூட்டினார்கள். லாரியில் தண்ணீர் வந்தது. காய்ச்சிக் குடிக்கச் சொல்லி மைக் கட்டிய ரிக்‌ஷா தெருத் தெருவாகப் போனது.

"பூட்டினப்பறமும் ஆளுங்க விழுந்துகினே இருக்காங்களே?" என்று முதல் வாரம் ஜெயம்மாள் பயந்தாள்.

"இது உள்ள ஒரு மாசம் இருந்துட்டுத்தான் கண்ணுல தெரியுமாம். பொறுங்கக்கா."

அவள் சொன்னபடியே ஆயிற்று. பதினொன்று, ஏழு, மூன்று. ஐப்பசி பிறந்து இரண்டாவது திங்கட்கிழமை, அம்சா வார அறிக்கையில் மடத்துத் தெருவுக்கு நேரே ஒரு சுழி போட்டாள். அதைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள். ஜெயம்மாளிடம் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பானைகள் நிமிர்ந்தன, அவ்வளவுதான். நூர் முஹம்மது முதல் சொம்பைத் தெருவுக்கு நடுவில் நின்று எல்லோரும் பார்க்கக் குடித்தார். அடுத்த வாரம் மனோரமாவே வந்து வரிசையில் நின்றாள். ஜெயம்மாள் அம்சாவுக்கென்று வெண்ணெய் மிதக்க ஒரு சொம்பு எடுத்து வைப்பாள். அதைக் குடித்துவிட்டுப் படியில் காலை நீட்டி உட்காரும்போது, இந்த ஊரில் தனக்குத் தெரியாத வீடே இல்லை என்று அம்சாவுக்குத் தோன்றும்.

புதுக் குழாய் பதிக்கும் வேலை அந்த மாதக் கடைசியில் நடந்தது. நான்கு பேர் இடுப்பளவு கால்வாயில் இறங்கிப் பழைய குழாயை அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்சா மேட்டில் நின்று பார்த்தாள். ஒருவன் மட்டும் அடிக்கடி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினான். முனியன் என்று மற்றவர்கள் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் நிமிர்ந்து வெயிலைப் பார்த்தபோது அவள் அவன் கண்களின் மஞ்சளைப் பார்த்தாள்.

"அண்ணே, எத்தினி நாளா இப்படி இருக்குது?"

"எது? கண்ணா? அது ஒரு வாரமா இருக்குது."

"எந்தத் தெரு நீங்க?"

"தெருவா?" அவன் சிரித்தான். "ஸ்டேஷனுக்கு அந்தாண்ட பள்ளம். இந்தக் காவாத் தண்ணி முடியிற எடம்."

அம்சா பையிலிருந்து ஊரின் தெருப் பட்டியலை எடுத்துப் புரட்டினாள். முதல் பக்கம், இரண்டாம் பக்கம், பின்பக்கம். பள்ளம் எதிலும் இல்லை.

"அங்க வேற யாருக்காச்சும் இருக்குதுங்களா அண்ணே?"

முனியன் கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டான். சேறு அப்பிய இடது கையை நிமிர்த்தி, ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சுண்டு விரலிலிருந்து மடக்கிக்கொண்டே வந்தான். ஐந்து விரலும் மடங்கின. அவன் வலது கையை நிமிர்த்தினான்.