நடுப்படியில் உட்கார்ந்த முட்டை

பேக்கரிக்காரரின் மகள் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் பத்துப் பேருடைய பசியோடு வீட்டுக்கு வந்தாள். விற்பனைக்கு வைத்திருந்த பன் முழுவதையும் தின்றுவிட்டு, தட்டைக் கவிழ்த்துப் பார்த்து, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். பேக்கரிக்காரர் முதலில் திட்டினார், பிறகு பயந்துபோய் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அது எப்போதும்போல ஒட்டித்தான் இருந்தது. விசாரித்ததில், மூன்றாம் வகுப்பில் அன்று காலை அவளைப் பத்தாம் இடத்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள் என்று தெரிந்தது. அதற்கடுத்த நூறாம் இடத்து பெஞ்சில் உட்கார்ந்த வக்கீல் மகன் ஒரு தும்மல் போட்டதில், எதிர்வீட்டு மாடியில் காய்ந்த துணியெல்லாம் பறந்து தெருமுனைத் தபால்பெட்டியைப் போர்த்திக்கொண்டன. ஒன்றாம் இடத்தில் உட்கார்ந்த பையனுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவன் ஒருவனாகவே போய் ஒருவனாகவே திரும்பி வந்தான், அதற்காக வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இதற்கெல்லாம் காரணமான டீச்சர் தற்காலிகமாக வந்தவர். பழைய டீச்சர் காலை உடைத்துக்கொண்டு கட்டிலோடு கிடந்ததால் வேலைக்கு எடுக்கப்பட்ட இவர், கயிறு, களிமண், குச்சி, சிப்பி என்று என்னென்னவோ திணித்த ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். சாக்கு டீச்சர் என்று பெயர் விழுந்துவிட்டது. இட மதிப்பைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க முடியாது, உட்கார்ந்து பார்த்தால்தான் விளங்கும் என்பது அவருடைய கொள்கை. பெற்றோர்கள் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தபோது அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஒண்ணு எங்க உட்காருதோ, அந்த எடத்தோட மதிப்பு அதுக்கு வந்துடும். இதுல கத்துறதுக்கு என்ன இருக்கு?"

விஷயம் புரிந்ததும் பெற்றோர்கள் கத்துவதை நிறுத்திவிட்டுச் சிபாரிசு பிடிக்க ஆரம்பித்தார்கள். மறுநாளே தலைமையாசிரியர் அறையில் கேக்கும் குடையும் புதுச் செருப்பும் வந்து குவிந்தன. எல்லாருக்கும் தங்கள் பிள்ளை நூறாம் இடத்தில்தான் உட்கார வேண்டும். கொஞ்சம் வெட்கப்பட்டவர்கள் பத்தாம் இடம் போதும் என்றார்கள். தலைமையாசிரியர் யாரையும் ஏமாற்றவில்லை, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் தலையாட்டினார்.

அந்த வகுப்பில் எந்த இடத்துக்கும் சிபாரிசு இல்லாத ஒரே பிள்ளை சலவைக்கடைக்காரியின் மகள். எந்தப் பரீட்சையிலும் முட்டைக்கு மேல் எடுத்ததில்லை என்பதால் ஊரே அவளை முட்டை என்றுதான் கூப்பிட்டது. முறை வந்தபோது அவளையும் நூறாம் இடத்தில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். பெஞ்சுகூட முனகவில்லை. வீட்டுக்குப் போய் அரை பன் தின்றாள், மீதியைப் பூனைக்குப் போட்டாள். நூறு முறை பூஜ்யம் பூஜ்யம்தானே என்று வக்கீல் சிரித்தார். ஏற்கெனவே இரண்டு முறை மூன்றாம் வகுப்பிலேயே தங்கிவிட்டவள் அவள். நெடுந்தூர லாரி ஓட்டும் அவளுடைய அப்பா, இந்த முறையும் தேறாவிட்டால் அவளை வெளியூரில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் தன் அக்காவிடம் விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் வண்டியேறியிருந்தார். பாத்திரம் கழுவவாவது உதவுவாள் என்று அந்த அத்தையும் சொல்லியனுப்பியிருந்தாள். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அம்மா இஸ்திரிப் பெட்டியைத் தூக்க மறந்து யாருடைய சட்டையையாவது கருக்கினாள். அவளுக்கு இருந்தது ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பிரிந்து இருக்க அவளால் ஆகாது.

பெஞ்சுச் சண்டை அடிதடி வரை போனதும், சாக்கு டீச்சர் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு எகிப்தியர்களைக் கொண்டுவந்தார். பழைய எகிப்தில் இடத்துக்கு மதிப்பில்லை, அடையாளத்துக்குத்தான் மதிப்பு. ஒன்றுக்கு ஒரு கோடு, நூறுக்குச் சுருட்டிய கயிறு, ஆயிரத்துக்குத் தாமரை, பத்து லட்சத்துக்கு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மலைத்துப்போய் நிற்கும் ஒரு ஆள். குழந்தைகள் கழுத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டார்கள், காதில் தாமரை செருகிக்கொண்டார்கள், அப்புறம் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தாலும் அவரவர் மதிப்பு அவரவரோடு இருந்தது. தலைமையாசிரியர் இரண்டு கையையும் தூக்கியபடி எட்டிப் பார்த்து, அந்த வாரம் முழுக்கப் பத்து லட்சமாகவே இருந்தார். சண்டை நின்றது. ஆனால் பெற்றோர்களுக்கு அது பிடிக்கவில்லை.

"எங்க உட்கார்ந்தாலும் ஒரே மதிப்புன்னா, அப்புறம் எதுக்குப் பள்ளிக்கூடம்?" என்று வக்கீல் கேட்டார்.

எகிப்தியர்கள் பூஜ்யத்துக்கென்று ஒரு படம் போடவில்லை. அதனால் அந்த வாரம் முட்டைக்கு அணிய எதுவும் கிடைக்கவில்லை. அவள் சலவைக்கடையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள், வகுப்பில் அவள் வரவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து வந்தவர்கள் பாபிலோனியர்கள். அவர்களுடைய கணக்கு அறுபது அறுபதாகப் போகும். களிமண்ணில் ஒரு ஆப்பு வடிவத்தைக் குத்தினால் அது ஒன்றாகவும் இருக்கலாம், அறுபதாகவும் இருக்கலாம், இடத்தைப் பார்த்து நாமே புரிந்துகொள்ள வேண்டும். இதன் விளைவாக ஒரு வயதுக் குழந்தைக்கும் அறுபது வயதுக்காரருக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. பள்ளி வாசலில் காவல்காரர் தன் கைக்குழந்தைக்கு விறைப்பாக சல்யூட் அடித்தார். அறுபதை எட்டியிருந்த தலைமையாசிரியரை அவர் மனைவி தொட்டிலில் போட்டு ஆட்டினாள், வழக்கத்தைவிடத் தொந்தரவு குறைவு என்று பக்கத்து வீட்டில் சொன்னாளாம். பூஜ்யத்துக்கு அந்தக் காலத்துப் பாபிலோனியர்கள் வெறுமனே கொஞ்சம் இடைவெளி விட்டார்கள். டீச்சர் முட்டைக்காக வரிசையில் ஒரு ஆள் அகலத்துக்கு இடம் விட்டு அவளை நிற்கச் சொன்னார். எகிப்துக்கு இது எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் மற்றவர்கள் அந்த இடம் காலி என்று நினைத்துப் பைகளை அவள் மேலேயே வைத்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது, பைகளுக்குப் பின்னால் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் டீச்சர் பழைய அமெரிக்காவில் வாழ்ந்த மாயர்களிடம் போனார். மாயர்கள் எண்களைக் கீழிருந்து மேலாக அடுக்குவார்கள், ஒவ்வொரு அடுக்கும் கீழே இருப்பதைப்போல இருபது மடங்கு. பள்ளியில் மாடிப்படி இருந்தது வசதியாகப் போயிற்று. முதல் படியில் உட்கார்ந்தால் ஒன்று, இரண்டாம் படியில் இருபது, மூன்றாம் படியில் நானூறு. அங்கேயும் ஒரு நிபந்தனை உண்டு. யாரும் இல்லாத படி படியே அல்ல. நடுவில் ஒன்று காலியாக இருந்தால் மேலே இருப்பவர் வழுக்கிக் கீழே வந்துவிடுவார். ஆகவே மாயர்கள் காலியான அடுக்கில் ஒரு சிப்பியை வைத்தார்கள். டீச்சர் சாக்கைத் துழாவி ஒரு சிப்பியை எடுத்து முட்டையின் கையில் கொடுத்து, இரண்டாம் படியில் உட்காரச் சொன்னார். கீழே பேக்கரிக்காரர் மகள், மேலே வக்கீல் மகன். கணிதம் என்ற பெயரில் தன் கையில் முதன்முதலாக ஒரு பொருள் கொடுக்கப்பட்டதில் அவள் பூரித்துப்போனாள், கையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டாள்.

நானூறு ஆனதும் வக்கீல் மகனின் மவுசு ஏறிவிட்டது. வக்கீல் அவனைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "ஆமாம்" என்று அவன் ஒருமுறை தலையாட்டினால் நானூறு சாட்சிகள் சொன்னதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒரே வாரத்தில் தோற்கவே வேண்டிய வழக்குகளையெல்லாம் ஜெயித்தார், கறுப்புக் கோட்டு புதிதாக இரண்டு தைக்கக் கொடுத்தார். மனுஷனுக்கு ஆசை விடுமா? நடுவில் ஒரு முட்டை உட்கார்ந்திருக்கும்போதே நானூறு என்றால், அதையும் எடுத்துவிட்டால் மகன் எங்கே போய் நிற்பான் என்று யோசித்தார். ஒன்றுமில்லாததைச் சுமப்பதால்தான் பையன் இதோடு நிற்கிறான் என்று தலைமையாசிரியரிடம் வாதாடினார். அவர் ஊரில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். படித்தவர்கள் எல்லாருமே அதைக் கேட்டு, அட ஆமாம் என்றார்கள்.

தலைமையாசிரியர் சலவைக்கடைக்காரியைக் கூப்பிட்டனுப்பினார். அத்தையும் அன்றைக்குத்தான் காலிப் பையோடு ஊரிலிருந்து வந்திறங்கியிருந்தாள்.

"உங்க பொண்ண எந்த எடத்துல வெச்சாலும் ஒண்ணும் தேறலம்மா. எங்களால ஆனதெல்லாம் செஞ்சு பார்த்துட்டோம்" என்றார் தலைமையாசிரியர்.

"அவ உட்கார்ந்தா அந்த எடம் நெறையுதுல்ல சார்? அது போதாதா?" என்று அம்மா கேட்டாள்.

"நெறைஞ்சு என்ன பிரயோசனம்?" என்றாள் அத்தை. "நீ துணிமணிய எடுத்து வை. அஞ்சு மணி பஸ் போயிடும்."

முட்டை சிப்பியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு படியிலிருந்து எழுந்து இறங்கினாள். அவள் அத்தையோடும் அம்மாவோடும் வாசலைத் தாண்டியதுதான் தாமதம், வக்கீல் மகன் சர்ரென்று வழுக்கி இரண்டாம் படியில் தொப்பென்று விழுந்தான். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் "அப்பா!" என்று அவன் கத்தியபோது, தெருவை அதிரவைக்கும் குரல் கோயிந்தா ஆகியிருந்தது. இருபது பேர் சேர்ந்து கத்தியதுபோல ஒரு சுமாரான சத்தம்தான் வந்தது. வக்கீல் அவனைத் தூக்கி மறுபடி மூன்றாம் படியில் வைத்தார், அவன் மறுபடி வழுக்கினான். கயிற்றால் கட்டிப் பார்த்தார், கயிறும் சேர்ந்து வழுக்கியது. நடுப்படியில் உட்கார வேறு பிள்ளை கேட்டுப் பார்த்தார், எல்லாரும் தங்கள் பிள்ளைக்கு மூன்றாம் படிதான் வேண்டும் என்றார்கள். மறுநாள் காலை அவருக்கு வாழ்க்கையிலேயே பெரிய வழக்கு, எதிர்த்தரப்பு முன்னூறு சாட்சிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வருவதாகச் செய்தி. சாக்கு டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"டீச்சர், இது என்ன ஆச்சு?"

"இட மதிப்பு ஆச்சு" என்றார் டீச்சர்.

வக்கீல் கோட்டைப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார். பின்னால் தலைமையாசிரியர் ஓடினார், அவருக்குப் பின்னால் குடை கொடுத்தவர்களும் கேக் கொடுத்தவர்களும் ஓடினார்கள், ஏனென்றால் நாளைக்கு அவர்கள் பிள்ளைகளுக்கும் மூன்றாம் படி வரலாம். பஸ் புகை விட ஆரம்பித்திருந்தது. ஜன்னல் ஓரம் முட்டை, கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா. வக்கீல் மூச்சு வாங்க, பாப்பா உடனே வந்து நடுப்படியில் உட்கார வேண்டும், இது ஊருடைய கௌரவம் என்றார். அத்தை, பெரிய பாத்திரங்களெல்லாம் ஊறிக்கொண்டிருக்கின்றன என்றாள். கண்டக்டர் விசில் ஊதினார்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பியை விட்டாள். "வருவா. ஆனா ஒண்ணு. எம் பொண்ணு படிச்சு முடிக்கிற வரைக்கும், அவ உட்கார்ந்த எடத்துலேர்ந்து யாரும் அவளை எழுப்பக் கூடாது."

"எழுப்ப மாட்டோம்!"

"கோர்ட்டுல சொல்ற மாதிரி சொல்லுங்க சார்."

வக்கீல் சத்தியம் செய்தார். உடன் வந்திருந்த மகனும் தலையாட்டினான், அது இருபது சாட்சியாகக் கணக்கில் சேர்ந்தது. பஸ் அத்தையோடு மட்டும் புறப்பட்டுப் போனது. அவள் ஊறிக்கொண்டிருந்த பாத்திரங்களைத் தானே கழுவிக்கொண்டாள்.

ஊரே மாடிப்படிக்குக் கீழே கூடி நின்றது. பேக்கரிக்காரர் மகளை முதல் படியில் உட்கார வைத்தார்கள். வக்கீல் மகன் மூன்றாம் படிக்குப் போகத் தயாராக இரண்டாவதில் காத்திருந்தான். முட்டை ஏறினாள். முதல் படியைத் தாண்டினாள், வக்கீல் மகனைத் தாண்டினாள், நடுவில் நிற்காமல் ஏறிக்கொண்டே போய், எல்லாருக்கும் மேலே இருந்த படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். எல்லா எண்ணுக்கும் மேலே போய் உட்காரும் பூஜ்யம் யாரையும் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. வக்கீல் மகன் இருபதாகவே இருந்தான்.

"கண்ணு, கொஞ்சம் கீழ வாயேம்மா" என்று வக்கீல் கெஞ்சினார்.

"இங்கதான் அங்கிள் காத்து நல்லா வருது" என்றாள் முட்டை.

எழுப்ப முடியாது, சத்தியம் செய்தாகிவிட்டது. கூட்டத்தின் பின்னால் நின்ற சலவைக்கடைக்காரி முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமலே சிரித்தாள். வக்கீல் மறுநாள் இருபது சாட்சிகளோடு கோர்ட்டுக்குப் போய் மண்ணைக் கவ்வினார், வந்த கோபத்தில் புதுக் கோட்டுகளை இஸ்திரிக்குக் கொடுத்தார். அவை கருகாமல் திரும்பி வந்தன.

அந்த வருஷக் கடைசியில் மூன்றாம் வகுப்பு முழுவதும் இட மதிப்பில் தேறியது, முட்டையும் தேறினாள். அவளுக்கு மூன்றாம் வகுப்புப் படியிலிருந்து நான்காம் வகுப்புக்கு ஏறப் பிடித்தது, யார் தடுப்பது? பழைய டீச்சருக்குக் கால் கூடிவந்ததும் சாக்கு டீச்சர் சாக்கோடு வேறு ஊருக்குப் போனார். அதற்குள் ஊருக்கு எல்லாம் பழகிவிட்டது. முட்டை மேல்படியில் இருந்தால் சாதாரண நாள். மனசு வந்து நடுவில் உட்கார்ந்தால் யாரோ ஒரு பிள்ளைக்கு யோகம். என்றைக்காவது எல்லாருக்கும் கீழே, முதல் படியில் உட்கார்ந்துவிட்டால் மற்ற எல்லாரும் ஒரு படி ஏறிவிடுவார்கள், அன்றைக்கு வகுப்பில் அத்தனை பேருக்கும் இருபது மடங்கு பசிக்கும். ஆகவே பேக்கரிக்காரர் காலையில் முதலில் பள்ளிக்கூடம்வரை நடந்துபோய், அவள் எந்தப் படியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எட்டிப் பார்த்துவிட்டு வருவார். அதற்கப்புறம்தான் மாவு பிசைவார்.