நூற்றுப் பதினெட்டுத் தனிமங்களும் ஒரு கிண்ணமும்

1.

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. அழகு நிலையத்தில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். கத்தரிக்கோல் சத்தத்தோடு ஒரு முணுமுணுப்பு: "ஸ்காண்டியம், டைட்டானியம், வனேடியம்..."

"என்னம்மா, மந்திரமா?"

"காலேஜ் போகப் போறேம்மா. கெமிஸ்ட்ரி. தலைய ஆட்டாதீங்க, காது போயிரும்."

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. மருந்தாளுநர் படிப்பில் சேர ஆசை. முதல் வேதியியல் வகுப்பில் உட்காரவே ஒரு முன்தேர்வு உண்டு. இருபதுக்குப் பன்னிரண்டு வாங்க வேண்டும். தவறினால் அடுத்த ஆண்டு வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். அப்புறம் ஆயுசுக்கும் கத்தரிக்கோல்தான்.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: "அறிவின் ஒளி அவள் விழிகளில்..." (சீ.)

அடுத்தது: "சாயக் கறை படிந்த அந்த விரல்கள் ஒருநாள்..." (ஒருநாள் என்ன செய்யும்? சொறியும்.)

வர்ணனை எனக்கு வராது. பேச்சுத்தான் காதில் விழும். ஆகவே அவள் கொழுந்தனைப் பேச விடுகிறேன். இதே பாடத்தில் இரண்டு முறை தோற்றவன்; அந்தத் தகுதியால் குடும்பத்துக்கே விஞ்ஞானி.

"அண்ணி, நூத்திப் பதினெட்டு தனிமத்தையும் மனப்பாடம் பண்ணிடுங்க. கண்ண மூடிக்கிட்டு பாஸ்."

"காலேஜ்ல குடுத்த தாள்ல விகிதம், அலகு மாத்துறது, கரைசல் கணக்குன்னு போட்டிருக்கே தம்பி?"

"அதெல்லாம் சும்மா பயமுறுத்த. படிச்சவன் சொல்றேன்ல?"

"ரெண்டு தடவ படிச்சவங்க. சரியாத்தான் இருக்கும்."

குத்தல் அவனுக்கு உறைக்கவில்லை. டீ கிளாஸை அந்தத் தாளின் மேலேயே வைத்தான். 'கரைசல்' என்ற சொல்லின் மேல் வட்டமாகக் கறை படிந்தது.*

* படியவில்லை. நான் படிய வைத்தேன். இப்படி மலிவாக ஏதாவது செய்தால்தானே உங்களுக்கு இலக்கியம்.

3.

இவ்வளவு வாயுள்ளவள் அவனை ஏன் நம்பினாள்? பாத்திரம் ஒட்டவில்லை. அவளையே கேட்டேன்.

"கணக்குன்னா தாளையே மூடி வெச்சிருவேம்மா. மனப்பாடம் சொகமா இருந்துச்சு."

அவனை நம்பவில்லை, சௌகரியத்தை நம்பியிருக்கிறாள். ஒரு மாதம், வந்தவர் தலைமேல் எல்லாம் நூற்றுப் பதினெட்டையும் ஓதியிருக்கிறாள்.

4.

தேர்வு நாள். தாளைத் திருப்பினாள். முதல் பக்கத்திலேயே தனிம அட்டவணை. முழுசாக, அச்சடித்து, கட்டம் கட்டி.

பத்தொன்பது கேள்விகளில் தட்டுத்தடுமாறிப் பதினொன்று தேறும் என்று கணக்கிட்டாள். கடைசிக் கேள்வி: பன்னிரண்டு சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஐம்பது மில்லி இருக்கிறது. மூன்று சதவீதமாக்க எவ்வளவு தண்ணீர் சேர்ப்பீர்கள்?

முடியை வெளுக்க அவள் அன்றாடம் கலக்குவதுதான். நீங்கள் நிமிர்ந்து உட்காருவது எனக்குத் தெரிகிறது. 'அனுபவமே ஆசான்' என்று கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தயாராகிவிட்டீர்கள். நானும் அப்படியே எழுதி அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

"பொய்ம்மா. கடையில நான் என்னிக்கு அளந்தேன்? கிண்ணத்துல கண்ணால பாத்து ஊத்துவேன்."

"அப்ப என்ன எழுதின?"

"கண்ண மூடிக்கிட்டேன். கிண்ணத்துல ஊத்துற மாதிரி நெனச்சேன். போதும்னு பட்ட எடத்துல நிறுத்தி, அவ்ளோ இருக்கும்னு ஒரு நம்பர் போட்டேன்."

"எவ்ளோ?"

"சொல்ல மாட்டேன். நீங்க எழுதிருவீங்க."

தேர்வு முடிந்து அவள் வெளியே வந்தபோது, கல்லூரி வாசலில் கொழுந்தன் வண்டியோடு நின்றான்.

"அட்டவணைய கேட்டாங்களா அண்ணி?"

"கேக்கல தம்பி. குடுத்துட்டாங்க."

அவன் வண்டியைக் கிளப்பினான். "அப்ப கேள்வித்தாளே தப்பு," என்றான்.

5.

சரியான விடை நூற்றைம்பது மில்லி. நான் அவளை ஜெயிக்க வைத்தால் நீங்கள் கைதட்டுவீர்கள், தோற்க வைத்தால் பெருமூச்சு விடுவீர்கள். இரண்டுக்கும் உங்களுக்கு ஒரு செலவும் இல்லை. ஆகவே

(வேண்டாம். நான் முடிக்கப் போவதில்லை.)

எழுந்து சமையலறைக்குப் போங்கள். ஒரு கிண்ணத்தில் கண்ணளவில் நூற்றைம்பது மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். அவள் கண்ணை அவ்வளவு நம்பினீர்களே, உங்கள் கண் எப்படி என்று பார்ப்போம். பிறகு அளவுக் குவளையில் ஊற்றி அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் அவள் வகுப்பில் உட்காருவாள். இல்லாவிட்டால் கத்தரிக்கோல்.

குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து அளக்க வேண்டும். பாவம் பார்த்து மேலிருந்தோ கீழிருந்தோ அளவைப் படிக்காதீர்கள். தப்பாகப் படிக்கக் கொழுந்தன் இருக்கிறான்.