சாவிக்கொத்தில் தொங்கிய பித்தளை

வெள்ளவத்தையில், காலி வீதியோரத்துப் பேப்பர் கடை வாசலில் வெங்கடேஸ்வரன் நின்றுகொண்டிருந்தபோது ஓர் ஓட்டோ வந்து நின்றது. உள்ளே ஓர் இளைஞன், கையைத் துணியால் கட்டியிருந்த தன் தாயாரை அணைத்துப் பிடித்திருந்தான்.

"ஐயா, பாமன்கடையில எலும்பு முறிவுக்குப் பாக்கிற வைத்தியர் ஒராள் இருக்கிறாராம். எந்தப் பக்கம் போகவேணும்?"

வெங்கடேஸ்வரனுக்கு அப்படியொரு வைத்தியரைத் தெரியாது. ஆனால் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவர், மூன்று சங்கங்களுக்குத் தலைவர், நடுத்தெருவில் நின்று அதைச் சொல்ல முடியுமா?

"நேரா போங்க. ரெண்டாவது லேன்ல இடது பக்கம் திரும்பினா பெரிய மாமரம் ஒண்ணு நிக்கும். அதுக்கு எதிர் வீடு."

அந்த மாமரம் எங்கிருந்து வந்தது என்பது அவருக்கே புரியவில்லை. வாயைத் திறந்தால் தானாக முளைத்துவிடுகிறது. இதில் அவரை மட்டும் குறைசொல்லக் கூடாது. கொழும்பில் வழி கேட்டு 'தெரியாது' என்ற பதிலை வாங்கியவர் இன்னும் பிறக்கவில்லை.

இப்படிப்பட்டவர் போட் வாங்கப் புறப்பட்டார். நாட்டில் சண்டை முடிந்து, கடற்கரைக்குப் போகவே பயந்த காலம் மலையேறியிருந்தது. சம்பந்தி சத்தியநாராயணன் நீச்சல் தடாகத்தோடு வீடு வாங்கிவிட்டார். தடாகத்தை வெல்ல வேண்டுமென்றால் கடலைத்தான் பிடிக்க வேண்டும். சின்னதாகக் கபின் வைத்த ஒரு பழைய மோட்டார் போட் கொட்டாஞ்சேனையில் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டார். அதில் கரையோரமாகவே நீர்கொழும்புக்குப் போய், நண்டு சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

"உங்களுக்கு நீந்தத் தெரியாதேங்க. எனக்கும் தெரியாது" என்றாள் மனைவி மீனாள்.

"போட்ல போறவன் எதுக்கு நீந்தணும்? பிளேன்ல போறவன் பறக்கத் தெரிஞ்சுக்கிட்டா போறான்?"

இந்தப் பதிலில் எங்கோ பிழை இருப்பதாக மீனாளுக்குப் பட்டது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

போட், அதை விற்கும் ஒஸ்வால்டின் வீட்டு முற்றத்தில், சில்லு வைத்த வண்டியின் மேல் நின்றது. அதன் கம்பிகளில் அவர் மனைவி ஐறீன் உடுப்புக் காயப்போட்டிருந்தாள். வெங்கடேஸ்வரன் பலாப்பழம் பார்ப்பதுபோல் போட்டைத் தட்டி, காது வைத்துக் கேட்டார். ஒஸ்வால்டும் மறுபக்கத்தில் தட்டினார்.

"கேட்டீங்களா சேர், சத்தத்த?"

"கேட்டேன், கேட்டேன். சாமான் அசல்."

நல்ல போட்டுக்கு என்ன சத்தம் வரவேண்டும் என்பது இருவருக்குமே தெரியாது.

சாவிக்கொத்தில் பெருவிரல் அளவில் மரையாணி போன்ற, திருகு வெட்டிய பித்தளைத் துண்டொன்று தொங்கியது. "இது என்னத்துக்கு?" என்று மீனாள் கேட்டாள்.

"அது வந்து மிஸிஸ், பலன்ஸுக்கு" என்றார் ஒஸ்வால்ட்.

"பலன்ஸுக்குத்தானே. எனக்குத் தெரியும்" என்றார் வெங்கடேஸ்வரன்.

போட்டை வாங்கிய அன்று மாலை அதைப் பார்த்த சம்பந்தி, இடிதாங்கி என்றார். போட்டுக்குப் பூசை செய்ய வந்த ஐயர் ஒன்றும் சொல்லாமல் அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். பொட்டு வைத்துவிட்டால் அது என்ன பொருள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பூசை முடிந்ததும் மஞ்சள் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிப் போட்டைக் கழுவினார்கள். அத்தனையும் பின்பக்க அடியிலிருந்த ஒரு துளை வழியாக ஒழுகிப் போயிற்று.

"பாருங்க சேர், ஒரு சொட்டுத் தங்காது. எல்லாம் ஓட்டோமெட்டிக்!" என்றார் ஒஸ்வால்ட்.

"இத்தாலிக்காரன் டிசைன்" என்றார் சம்பந்தி.

"வெளிய போற ஓட்டையால தண்ணி உள்ள வராதா?" என்று மீனாள் கேட்டாள்.

ஆண்கள் மூவரும் சிரித்தார்கள். பதில் தெரியாததால் சிரிப்பு கொஞ்சம் நீண்டது.

ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரத்தில், களனி கங்கை கடலைத் தொடும் இடத்தில் போட்டை இறக்கினார்கள். வெங்கடேஸ்வரன் கறுப்புக் கண்ணாடியோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார். சம்பந்தி படம் எடுத்தார். மீனாள் உட்கார்ந்தாள். ஓட்டிக் காட்ட வந்த ஒஸ்வால்ட், எதையும் காட்டாமல் பின்னால் நின்றார். மிதவை அங்கிகள் கபினுக்குள் பொலித்தீன் உறையோடு கிடந்தன. உறையைக் கழற்றினால் புதுசு போய்விடுமாம்.

கரை தூரமானபோது மீனாளின் செருப்பு தானாக நகர்ந்தது. குனிந்து பார்த்தாள். போட்டுக்குள் தண்ணீர்.

"என்னங்க, தண்ணி!"

"எஞ்சின் சூடாகாம இருக்கணும்ல. அதுக்குத்தான்."

"எல்லா போட்லயும் கணுக்கால் வரைக்கும் வருமுங்க. நான் சிங்கப்பூர்ல பாத்தேன்" என்றார் சம்பந்தி, கால்களை இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டே.

ஒஸ்வால்ட் கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் இருந்த திசைக்குத் திரும்பிச் சிலுவை போட்டார். மீனாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அவர் சிலுவை போடுறாரே, எஞ்சின் சூட்டுக்கா?"

போட்டின் பின்பக்கம் கனத்துத் தாழ்ந்தது. மீனாள் கணவனின் கையைப் பிடித்தாள்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

வெங்கடேஸ்வரன் வாயைத் திறந்தார். நாக்கு நுனிவரை ஒரு மாமரம் வந்துவிட்டது. அவளுடைய சேலைத் தலைப்பு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"தெரியாது மீனா" என்றார். "போட்டப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

"எனக்கும் தெரியாதுங்க. சிங்கப்பூர்ல நான் போட்ல ஏறவே இல்ல" என்றார் சம்பந்தி.

"சேர், நான் இத ஒருநாளும் தண்ணியில விடேல்ல" என்றார் ஒஸ்வால்ட், அழாத குறையாக. "எனக்கு வித்த ஆளும் விட்டிருக்கமாட்டார் எண்டுதான் நினைக்கிறன்."

மீனாள் சாவியைத் திருப்பி உருவினாள். எஞ்சின் நின்றது. பித்தளைத் துண்டைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்ப இது எதுக்கு?"

முதல் தடவையாக ஒருவரும் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாததால் எல்லோரும் அந்தப் பொருளை உற்றுப் பார்த்தார்கள். அதன் பருமன், மரை, சந்தனம். பின்பு நால்வரின் கண்களும் ஒன்றாகப் பின்பக்க மூலைக்குப் போயின.

"பாத்ரூம் பேசின் அடைப்பு மாதிரி இருக்கு. சரியோ பிழையோ, தெரியல" என்று சொல்லிக்கொண்டே அவள் தண்ணீருக்குள் கையை விட்டுத் துளையைத் தடவிக் கண்டுபிடித்தாள். பித்தளையை வைத்துத் திருகினாள். இறுகியது. தண்ணீர் ஏறுவது நின்றது. நண்டு வாங்கிவரக் கொண்டுபோன சட்டியால் அள்ளி அள்ளி ஊற்றினார்கள். பிறகு மீன்பிடி வள்ளமொன்று கயிறு போட்டு அவர்களைக் கரைக்கு இழுத்து வந்தது.

கரையில் சேலையைப் பிழிந்தபடி மீனாள் சொன்னாள்: "தெரியாதுன்னு சொன்னா மானம் போயிருமாக்கும்! தெரியும்னு சொன்னதுல இன்னிக்கு நாலு உசிர் போகப் பாத்துச்சு."

வெங்கடேஸ்வரன் சட்டை நுனியைப் பிழிந்தார். கை முறிந்த அந்தத் தாயார் இல்லாத மாமரத்தைத் தேடி எத்தனை சந்து சுற்றினாரோ என்ற நினைப்பு, ஈரச் சட்டையைவிடக் குளிராக இருந்தது.

ஒரு வாரம் கழிந்தது. அதே பேப்பர் கடை வாசல். ஓட்டோவிலிருந்து வேறொருவன் தலையை நீட்டி அதே வைத்தியரின் வீட்டைக் கேட்டான்.

"எனக்குத் தெரியாது தம்பி. அந்தப் பார்மசியில கேளுங்க, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

ஓட்டோக்காரன் குழம்பிப்போய் அவரை மேலும் கீழும் பார்த்தான். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற அதிகாரி சுந்தரலிங்கத்துக்கு இந்த அவமானம் பொறுக்கவில்லை.

"இதென்ன ஐசே, இவ்வளவு காலம் இங்க இருந்துகொண்டு! தம்பி, நேர போம். ரெண்டாவது லேன், பெரிய வேப்பமரம் ஒண்டு நிக்கும்..."

வெங்கடேஸ்வரன் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக் குனிந்தார்.

"தம்பி, பார்மசிக்கே போங்க. இவருக்கும் தெரியாது. பாவம், இவர் இன்னும் போட் வாங்கல."