வெளியே வைக்க வேண்டிய டிஸ்க்

நான் தையற்காரி. பதினான்கு வருஷமாக என்னிடம் துணி தைத்துக்கொள்ளும் முன்னூற்றுச் சொச்சம் பெண்களின் அளவுகளும், நான் வரைந்த வெட்டுப் படங்களும் ஒரே கம்ப்யூட்டருக்குள் கிடந்தன. அது ஒருநாள் கடகடவென்று இருமத் தொடங்கியது. அது போனால் என் பிழைப்பே போச்சு.

எதில் நகல் எடுப்பது என்று இரண்டு வாரம் வீட்டில் ஒரே ரகளை. டிவிடி போதும் என்றார் என் கணவர். அவர் கைபட்ட டிவிடி எதுவாவது கீறாமல் பிழைத்திருக்கிறதா? அப்படியானால் பென்டிரைவ் என்றார்.

"மூணு பென்டிரைவைச் சட்டைப் பையோட வாஷிங் மெஷின்ல போட்டவரு பேசற பேச்சா இது?" என்றேன்.

கடைசியில் ஜெயித்தது நான்தான். ஹார்டு டிஸ்க்! அதையும் வீட்டிலேயே வைத்தால், தீப்பிடிக்கும்போது இரண்டும் சேர்ந்து போய்விடும். நாத்தனார் வீட்டில் வைப்பதென்று முடிவு செய்தேன். அதைக் கணவரிடம் சொன்னதாகத்தான் ஞாபகம்.

"சரி தாயே, இனிமே நீ சொல்றதை மறுபேச்சு பேசாம செய்வேன்" என்று அவர் கும்பிட்டார்.

நகல் எடுத்து, டிஸ்க்கைப் பழைய செய்தித்தாளில் சுற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினேன். அங்கிருந்தே அவருக்குப் போன் செய்தேன்.

"ஏங்க, மேஜைமேல பேப்பர்ல சுத்தியிருக்கே, அதை இன்னைக்கே வெளியே வச்சிடுங்க."

"வச்சிடறேன்" என்றார்.

மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "இதுல இருந்தது எதுவும் திரும்பி வராதுங்க."

"போனா போகட்டும்!" என்று நான் சிரித்த சிரிப்பில் அவர் ஸ்க்ரூடிரைவரையே கீழே போட்டுவிட்டார். கால் தரையில் படாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

"உங்க தங்கச்சி என்ன சொன்னா?"

"அவ எதுக்கு? நீதானே வெளியே வைக்கச் சொன்னே. வாசல்ல வச்சேன், குப்பை வண்டி எடுத்துட்டுப் போயிடுச்சு." அவர் முகத்தில் சொன்னதைச் செய்த பெருமை வேறு.

அட பாவி மனுஷா! ஒரு காலில் என் செருப்பும் மறுகாலில் அவர் செருப்புமாக ஓடினேன்.

"நிறுத்துங்க! முன்னூறு பொம்பளைங்க உள்ள இருக்காங்க!"

நாலாவது தெருவில் வண்டி நின்றது. அதை ஓட்டி வந்த அம்மா மிரண்டுபோய்க் கீழே குதித்தார். "எந்தப் பொம்பளைங்கம்மா?"

மூச்சு வாங்கியபடி விஷயத்தைச் சொன்னேன். அவர் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினார். உள்ளே என் டிஸ்க், பத்திரமாக.

"கனமா இருக்கேன்னு பிரிச்சுப் பார்த்தேன். யாரோட போட்டோவாச்சும் இதுல இருக்கும், தெரியாம போட்டிருப்பாங்கன்னு தோணுச்சு. நாளைக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேக்கலாம்னு எடுத்து வச்சேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டேன். குப்பை வாடை அடித்தது, அடிக்கட்டுமே!

அதற்குள் கணவரும் தலைதெறிக்க ஓடிவந்தார். "குடு, இப்பவே தங்கச்சி வீட்ல வச்சிட்டு வந்துடறேன்."

நான் வண்டி ஓட்டி வந்த அம்மா பக்கம் திரும்பினேன்.

"அக்கா, உங்க வீடு எங்க இருக்கு?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம். ஏம்மா?"

"இன்னைக்கு ரிப்பேர் கடையில குடுத்து இன்னொரு காப்பி எடுத்துக்கறேன். நாளைக்கு இதைக் கொண்டு வந்து தரேன். உங்க வீட்ல வச்சுக்கறீங்களா?"