மகளிடம் கேட்ட கேள்வி

எழிலரசிக்கு ஏழு வயதிலேயே சர்க்கரை நோய் வந்தது. ஊசி இல்லாமல் உயிரில்லை என்கிற வகை. அன்றிலிருந்து தினம் நான்கு வேளையும் அம்மா மணிமேகலைதான் ஊசி போட்டாள். மாதம் ஒருமுறை பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ் ஏறித் தருமபுரியில் குழந்தைகள் டாக்டர் மாதவராஜிடம் போவார்கள். அவர் கேட்பதற்கெல்லாம் மணிமேகலையே பதில் சொல்வாள்.

மகளுக்குப் பதினைந்து வயதானபோது டாக்டர் சொன்னார்: "இனிமே பாப்பாவே ஊசி போட்டுக்கட்டும்மா. பதினெட்டு ஆனா பெரியவங்க டாக்டர்கிட்ட போகணும். அங்க அவதான் பேசணும்."

"அது கொழந்த சார். நான் இருக்கறேனுங்களே."

மூன்று வருஷமும் இதே பேச்சுத்தான்.

போன ஜூனில் பெரியவர்கள் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே டாக்டரம்மா எழிலரசியைப் பார்த்து, "எத்தனை யூனிட் போடறீங்க?" என்றார். மணிமேகலை பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"அவங்க சொல்லட்டும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

திரும்பி வந்த மகளின் கண் சிவந்திருந்தது. "எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. திருதிருன்னு முழிச்சேன்."

அப்போதாவது மணிமேகலை மகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். "அந்தம்மா அப்படித்தான், உடு கண்ணு" என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

ஜூலையில் எழிலரசி சேலத்தில் கல்லூரி விடுதியில் சேர்ந்தாள். ஊசி அளவை மணிமேகலை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். காய்ச்சலில் சோறு இறங்காவிட்டாலும் ஊசியை நிறுத்தக்கூடாது என்பது அதில் இல்லை. தனக்குக் கைப்பழக்கமாகிவிட்டதை எழுத அவளுக்குத் தோன்றவில்லை. மாதப் பரிசோதனைக்குப் போனதாக மகள் போனில் சொல்வாள். உண்மையில் போகவில்லை.

செப்டம்பரில் காய்ச்சல் வந்தது. சோறு இறங்கவில்லை. சாப்பிடாமல் ஊசி எதற்கென்று இரண்டு நாள் நிறுத்திவிட்டாள். மூன்றாம் நாள் வாந்தி, மூச்சிரைப்பு. அறைத்தோழி மலர்விழிதான் ஆம்புலன்ஸை அழைத்தாள்.

ஐந்து நாள் தீவிர சிகிச்சை. கண் விழித்தவளிடம் மணிமேகலை கேட்டாள்: "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே கண்ணு?"

"காலேஜ் வந்தும் உன்னையே கேக்கறதுக்கு வெக்கமா இருந்துச்சும்மா."

அந்த வருஷப் படிப்பு போயிற்று. எழிலரசி இப்போது தானே ஊசி போட்டுக்கொள்கிறாள். முதல் சில நாள் ஊசியைக் குத்தத் தடுமாறினாள். ஊசியை வாங்கித் தானே போட்டுவிடத் துடித்த கையை மணிமேகலை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து ஒருநாள் தனியாக மாதவராஜைப் பார்க்கப் போனாள். "நீங்க எத்தன தடவ சொன்னீங்க சார். நான் கேக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொன்னேன். ஆனா ஒரு நாளாவது உங்கள வெளிய உக்கார வச்சிட்டு அவகிட்ட பேசினேனாம்மா? உங்ககிட்ட கேட்டா சீக்கிரம் முடிஞ்சிடும். நானும் அப்படியே உட்டுட்டேன்."