முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களும் ஒரு வீடியோவும்

1

இந்தக் கதை ஒரு தேதியிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க்குகளைப் பழுதுபார்க்கும் ஒருவர் தன் கணினித் திரையில் விரல் வைத்துக் காட்டிய தேதி. இருபத்தொன்பது, புதன்கிழமை, மதியம் இரண்டே முக்கால். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் அண்ணனுக்காக அழுதுவிட்டுப் போயிருப்பேன்; எழுதியிருக்க மாட்டேன்.

முதல் வரியாக எழுதி வைத்திருந்தது வேறு: நினைவு என்பது ஒரு

[முடிக்கவில்லை. செத்துப்போன குழந்தையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு தத்துவம் பேசுகிறவளை எனக்கே பிடிக்காது.]

2

அண்ணனுக்கு மின்சார மீட்டர்களைச் சோதித்து முத்திரை வைக்கும் வேலை. எதையும் இரண்டு தடவை பார்ப்பவர். அவருடைய ஒரே மகனை நாங்கள் வாலு என்று கூப்பிடுவோம். அவன் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையையும் இரண்டு டிஸ்க்குகளில் வைத்திருந்தார். கறுப்பு வீட்டு பீரோவில், நீலம் ஆபீஸ் லாக்கரில்.

"வீடே தீப்பிடிச்சாலும் புள்ள பத்திரமா இருப்பான்" என்பார். வாலு ஓடியாடிக்கொண்டிருந்த காலத்தில் சொன்னது. நாங்கள் சிரித்தோம்.

மாதத்தின் முதல் ஞாயிறு நீலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டையும் கணினியில் செருகுவார். ஒரு மென்பொருள் நீலத்தைக் கறுப்பைப் போலவே ஆக்கிவிடும். கறுப்பில் புதிதாக வந்தது நீலத்தில் சேரும். கறுப்பில் இல்லாதது நீலத்திலிருந்தும் போய்விடும்.

[கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படித்துவிடுங்கள். நடந்த கொடுமையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.]

வாலு ஏழு வயதில், நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து போனான். உடம்பில் திட்டுத் திட்டாக வந்த தடிப்பைத் தினமும் படம் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அண்ணன் எடுத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். கூடவே நாற்பது நொடி வீடியோ ஒன்று. எல்லாவற்றையும் 'வார்டு' என்ற ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்தார்.

அவன் போன எட்டாவது மாதம், ஒரு ஞாயிறு, மென்பொருள் கேட்டது: முந்நூற்றுப் பதின்மூன்று கோப்புகள் நீக்கப்படும், தொடரலாமா? எதையும் இரண்டு தடவை பார்ப்பவர் அன்றைக்கு ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. 'சரி'யை அழுத்திவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். மாதக் கடைசி வேலை நெருக்கடியில் நாலைந்து நாளாக 'வார்டை'த் திறக்காமலிருந்தவர் மறுநாள் சாயங்காலம் தேடியபோது இரண்டு டிஸ்க்கிலும் அது இல்லை.

கறுப்பில் எப்போதோ கை தவறி அழித்ததும் தானே, நீலத்தில் அழித்ததும் தானே என்று முடிவுகட்டினார். சோறு இறங்கவில்லை. முத்திரை வைக்கும் வேலையிலிருந்து மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்.

"என் கையை நானே நம்ப மாட்டேங்கிறேம்மா" என்றார் போனில்.

3

டிஸ்க்குகளைக் கடைக்குக் கொண்டுபோனவள் நான். கடைக்காரர் ஒரு வாரம் கேட்டார். திரும்பிப் போனபோது நெற்றியில் கட்டிய சின்ன விளக்கை அணைத்துவிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே தெரிந்துவிட்டது.

"பத்தொன்பது படம்தான் தேறுச்சு. வீடியோ போயிடுச்சு. காணோம்னதும் பதறிப்போய், போன்ல மிச்சமிருந்த வேற படத்தையெல்லாம் ரெண்டுலயும் ஏத்தியிருக்காங்க. பழசு மேலயே புதுசு எழுதிடுச்சு. யாரு அழிச்சது?"

"எங்க அண்ணன். கை தவறி."

அவர் தலையாட்டவில்லை. "கறுப்புல ஃபோல்டர அப்படியே மொத்தமா தூக்கியிருக்காங்க. அப்புறம் குப்பைத்தொட்டியையும் காலி பண்ணியிருக்காங்க. கை ரெண்டு தடவ தவறாதுங்க."

அப்போதுதான் தேதியைக் காட்டினார். புதன்கிழமை மதியம் அண்ணன் வேலையில் இருப்பார். அந்நேரத்தில் வீட்டில் இருப்பது தையல் மிஷினும் அண்ணியும்தான்.

4

இந்த இடத்தில் மூன்று அண்ணிகளை எழுதிப் பார்த்தேன். முதலாமவள் கோபக்காரி, புருஷன் திரையே கதியென்று கிடப்பது பொறுக்காமல் அழிக்கிறாள். இரண்டாமவள் விவரம் தெரியாதவள். எதையோ அழிக்கப்போய் இதை அழிக்கிறாள். மூன்றாமவள் தியாகி, அவர் தேறி வரட்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு

[மூன்று பேருமே எனக்கு வசதியானவர்கள். கிழித்துப் போட்டேன்.]

நிஜ அண்ணி பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். நான் தேதியைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"அந்தப் படங்கள நீ பாத்திருக்கியா?"

"இல்ல அண்ணி."

"எல்லாத்துலயும் என் கை இருக்கும். அவன் திமிறாம இருக்க நான்தான அமுக்கிப் பிடிச்சேன். உங்க அண்ணன் தினம் சாயங்காலம் அதையே போட்டுப் பாத்துட்டிருந்தாரு. அடுப்படியிலேருந்து பாத்தா எனக்குப் புள்ள முகம் தெரியல. கைதான் தெரிஞ்சுது."

"நீலத்துலயும் போயிடும்னு தெரியுமா?"

"தெரியாது. ஆபீஸ்ல ஒண்ணு இருக்கு, என்னைக்காவது தெம்பு வந்தா கேட்டு வாங்கிப் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

"சொல்லிடுங்க அண்ணி. தான்தான் அழிச்சோம்னு நெனச்சு அவரு பாதி உடம்பாயிட்டாரு."

"சொன்னா, அப்புறம் என் கையால ஒரு வாய் சாப்பிடுவாரா?"

5

இதுவரை எழுதியதை அண்ணியிடம் படிக்கக் கொடுத்தேன். [இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ளலாம். பாரத்தை இன்னொருத்தர் தலையில் இறக்குவது என்றும் சொல்லலாம்.] நின்றபடியே படித்தார்.

"வீடியோவ நான் பாக்காம அழிச்ச மாதிரி இருக்கே. முழுசாப் பாத்துட்டுத்தான் அழிச்சேன்."

அந்த வீடியோவைப் பற்றி அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: கடைசியில் வாலு சிரிப்பான்.

"சிரிக்கிறான்தான்" என்றார் அண்ணி. "அதுக்கு முன்னாடி, 'அம்மாவ விடச் சொல்லுப்பா'ங்கிறான்."

காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு வரியும் அடிக்காம அப்படியே வை. அவருகிட்ட நீ சொன்னாலும் சரி. எனக்கு வாய் வராது."

6

நேற்று மதியம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். சட்டை தோளில் தொங்கியது. பத்தொன்பது படங்களையும் என் கணினியில் திறந்து வைத்தேன். சில படங்களில் பாதி சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. கட்டில் கம்பி, போர்வை, ஒரு முழங்கால். பதினான்கில் அண்ணியின் கைகள்.

அண்ணன் ஒவ்வொன்றையும் பார்த்தார். பிறகு முதலிலிருந்து மறுபடியும் பார்த்தார். ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"இதை உங்க அண்ணிக்குக் காட்டிடாத" என்றார். "தாங்க மாட்டா. அவ என்ன பாடுபட்டு அவனப் பிடிச்சிருந்தான்னு எனக்குத்தான் தெரியும். இவ்வளவையும் தொலைச்சதே நான்தான்னு அவளுக்குத் தெரியும். இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்த கேட்டதில்ல."

எழுந்து கண்களைத் துடைத்துக்கொண்டார். செருப்பு கிடக்கும் வாசலுக்கு நாற்காலியிலிருந்து பத்தடி இருக்கும். நானும் கூடவே நடந்தேன்.

அந்தப் பத்தடிக்குள் நான் சொன்னதையோ சொல்லாமல் விட்டதையோ இங்கே எழுதப்போவதில்லை. சொல்வதாக ஒரு தடவை எழுதிப் பார்த்தேன்; அதில் அண்ணி இல்லாமல் போனார். சொல்லாததாக எழுதினேன், அதில் அண்ணன் இல்லாமல் போனார். உங்களுக்கு அவர்கள் இருவரையும் தெரியாது. சொல்லலாமா கூடாதா என்று முடிவுசெய்வது என்னைவிட உங்களுக்குச் சுலபம். அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார், சொல்லுங்கள்.