மூணு நல்ல பல்லு

ஜெயஸ்ரீக்கு வந்தது பல்வலியே இல்லை. ஆனாலும் மூன்று பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. நாலாவதைப் பிடுங்க நாளைக் காலையில் வரச்சொல்லியிருந்தான் அந்தப் பல்லு டாக்டர். சொத்தை கிடையாது, ஆட்டம் கிடையாது, கரும்பு கடித்த பல்லுங்க மூணும்.

ஆறு மாசமாக இடது கன்னத்தில் கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு வலி. முகம் கழுவினால் வரும், சோறு மென்றால் வரும். வல்லம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறபோது பாதியிலேயே கன்னத்தைப் பொத்திக்கொண்டு நின்றுவிடுவாள். வாயைத் திறக்கவே பயந்துபோனவளுக்கு வீட்டுக்காரன் பச்சைமுத்துதான் வாய். எந்த டாக்டரிடம் போனாலும் முந்திக்கொண்டு பல்லு பல்லு என்பான். நமக்காக எவ்வளவு அலைகிறான் மனுஷன் என்று அவளும் நம்பினாள். நம்பினாள் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

கூட வேலை பார்க்கிற டீச்சர் சொல்லித்தான் காந்தி பஜார் மாடிக்குப் போனாள். மெஹ்ரீன் அங்கே சீன முறையில் ஊசி குத்தி வைத்தியம் பார்க்கிறாள். ஜெயஸ்ரீயின் ரெண்டு கையிலும் நாடி பிடித்தாள், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், பிறகு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முடி மாதிரி ஒரு ஊசியை இறக்கினாள். கூடவே வந்திருந்த பச்சைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. மூஞ்சில வலின்னா கையில குத்துது பார் இந்தப் பொண்ணு என்று முணுமுணுத்தான். மெஹ்ரீன் அதைக் கண்டுகொள்ளாமல் பழைய சீட்டுகளை வாங்கிப் புரட்டினாள். பல் எக்ஸ்ரே கவருக்குள் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது.

"அக்கா, இது பல்லு இல்ல, மூஞ்சி நரம்பு. மொதல்ல பாத்த டாக்டரே நரம்பு டாக்டருகிட்ட போகச்சொல்லி எழுதியிருக்காரே, நீங்க பாக்கலியா?"

ஜெயஸ்ரீ எங்கே பார்த்தாள்? அந்த டாக்டரிடம் போன அன்றைக்கு அவள் உள்ளே வலிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே சீட்டை வாங்கினவன் பச்சைமுத்து. அவனைத் திரும்பிப் பார்த்து, தெரியுமா என்று கேட்டாள்.

பச்சைமுத்து தரையைப் பார்த்தபடி கக்கினான். "நரம்பு டாக்டர்னா ஊரு இன்னா நெனைக்கும்? பஸ் ஸ்டாண்டு சொவரெல்லாம் ஒட்டி வச்சிருக்கானே, நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் கொறைவுன்னு. பொண்டாட்டியச் சாக்கு வச்சி இவன் தனக்குப் பாத்துக்கிறான்னு கமிட்டியில சிரிப்பானுங்க."

அடப்பாவி! தான் போய்வருகிற நெல் மார்க்கெட் கமிட்டியில் நாலு பேர் சிரிப்பார்கள் என்று, கட்டினவள் வாயில் குறடு போட விட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தானே, இவனெல்லாம் ஒரு ஆம்பளை. ஜெயஸ்ரீயின் கையில் ஊசி குத்தியிருந்தது, இல்லாவிட்டால் அறைந்திருப்பாள்.

ஊசியால் வலி கொஞ்சம் அடங்கலாம், வாரம் ரெண்டு தடவை வந்து பாருங்கள் என்றாள் மெஹ்ரீன். ஆனால் நரம்பு டாக்டரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது, நாலாவது பல்லில் யாரையும் கை வைக்க விடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலையில் ரெண்டு பேரும் பாண்டிச்சேரி பஸ் ஏறினார்கள். முன் சீட்டில் கமிட்டி ஆட்கள் நாலைந்து பேர். அதில் மூத்தவரான கோவிந்தசாமி திரும்பி, எங்கே கிளம்பிட்டீங்க டீச்சர் என்று கேட்டார். பல்லு, என்று ஆரம்பித்தான் பச்சைமுத்து.

"நீ பேசாத." ஜெயஸ்ரீ எழுந்து நின்றாள். "நரம்பு டாக்டருகிட்ட போறோம்ணே."

சொன்ன வேகத்தில் கன்னத்தில் கரண்ட் அடித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி மிச்சத்தையும் சொன்னாள்.

"நரம்பு எனக்குத்தான். இவருக்கு வெக்கமா இருந்துச்சின்னு என் மூணு நல்ல பல்லப் புடுங்க வுட்டாரு."

கமிட்டிக்காரர்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. கோவிந்தசாமி பச்சைமுத்துவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.